தீனிக்குள் வைத்த மருந்து

முட்டை தின்றால் புற்றுநோய் வளருமா என்று தோட்டத்தில் இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் என்ன டாக்டரா? அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வேலை. சாதாரண தரப் பரீட்சை வரை படித்திருக்கிறேன், வாய் கொஞ்சம் நீளம் என்று பேர் எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதிலை என் உடம்பிலேயே பார்த்தவள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றுவதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மருந்துக்கும் மருந்துக்கும் நடுவில் உடம்பு சற்று ஓய்ந்திருக்கும் நாட்கள் இவை.

ஒரு குழந்தையைத் தூக்கியபோது அது திமிறி, அதன் தலை என் இடது மார்பில் இடித்தது. வலித்த இடத்தைத் தடவிப் பார்த்தால் உள்ளே ஒரு கட்டி, பாக்கு அளவில். தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டினேன். அவர்கள் நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஊசி விட்டு உறிஞ்சிப் பார்த்தார்கள், பிறகு சதையில் சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் உட்கார ஒரு மர வாங்கு. வாங்கில் குந்தியிருப்பதுதான் நோயின் முதல் வேலை என்று அப்போதே தெரிந்துகொண்டேன். முடிவு வந்த அன்று நர்ஸ் மிஸ்மார் இரண்டு பேர் எனக்கு விளங்காது என்று நினைத்துச் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். சிங்களக் கடைக்காரரிடம் பேரம் பேசி வளர்ந்தவள் நான். பிளிக்கா என்றால் புற்றுநோய் என்று எனக்குத் தெரியாதா?

உடனே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை என்றார்கள். கட்டி நெஞ்சுச் சதையோடு ஒட்டியிருக்கிறது, முதலில் மருந்து ஏற்றிச் சுருக்க வேண்டும், சுருங்கினால்தான் ஆபரேஷன். ஆகவே எல்லாமே அந்தச் சுருங்குவதில் நின்றது. முதலில் சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து. அது தலைமயிரைக் கொண்டுபோனது, வாயைப் புண்ணாக்கியது, கட்டியை மட்டும் அசைக்கவில்லை. அடுத்த மருந்து நன்றாகக் கேட்கும் என்றார்கள். அதை ஏற்றத் தொடங்கிச் சற்று நேரத்துக்குள் முகம் கொதித்தது, முதுகு நொந்தது, மூச்சு தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. கையில் ஊசி, பக்கத்தில் கம்பி, மேலே போத்தல், எழுந்து ஓடவும் வழியில்லை. மிஸ் ஓடி வந்து குழாயை அடைத்தார். கண் விழித்தபோது மகள் கவிதா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கட்டியும் போகாது, மருந்தும் ஒத்துக்கொள்ளாது என்றால் இனிப் போக எங்கே இடம் இருக்கிறது? அன்றைக்கு நான் சாமியைக்கூடத் திட்டினேன்.

எங்களைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். கவிதாவைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். மறுநாள் கட்டிலருகே வந்து நின்று நிதானமாக விளக்கினார். மருந்தின் மேல் பிழையில்லையாம். அந்த மருந்து தண்ணீரில் கரையாதாம். கரைப்பதற்காக ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவத்தில் கலந்து தருகிறார்கள், என் உடம்புக்குச் சேராதது பெரும்பாலும் அந்தத் திரவமாகத்தான் இருக்கும். அதே மருந்து வேறொரு வேஷத்திலும் வருகிறது. நம் இரத்தத்தில் ஓடும் அல்புமின் என்றொரு புரதம் இருக்கிறது, முட்டை வெள்ளைக்கருவில் இருப்பதற்கு அது பெயரளவில் உறவு. அந்தப் புரதத்தில் மருந்தை ஒட்டவைத்து, கண்ணுக்கே தெரியாத மிகச் சிறிய உருண்டைகளாக்கி ஏற்றுவார்கள். எண்ணெய் வேண்டியதில்லை. நானோ துகள் என்று அதற்குப் பெயர்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எங்கள் வீட்டில் அடுப்பை மாற்றியது.

"புற்றுநோய்க் கலம், செல் எண்டு சொல்லுறம், அது கெதியா வளர்றது அம்மா, அதுக்குப் புரதத்திலை பெரிய பசி. இந்த உருண்டையைச் சாப்பாடு எண்டு நினைச்சு உள்ளுக்கு இழுக்கும். அதோடை மருந்தும் போயிடும்."

சரிங்க டாக்டர் என்றேன். என் வீட்டுக்காரர் மாணிக்கமும் சரிங்க டாக்டர் என்றார். எங்கள் ஆட்கள் அப்படித்தான். காலையில் பெரட்டுக்களத்தில் வரிசையில் நிறுத்தி வேலை சொன்னாலும் சரிங்க, ஆஸ்பத்திரியில் உயிரைப் பற்றிச் சொன்னாலும் சரிங்க. கேள்வி கேட்டால் ஏதோ எதிர்த்துப் பேசுவதாக நினைத்துவிடுவார்கள் என்று ஒரு பயம். தலையை ஆட்டிவிட்டு வந்து, லயத்து வரிசை வீட்டில் சாயத்தண்ணி குடித்துக்கொண்டு நாங்களாக அர்த்தம் கண்டுபிடிப்போம்.

அந்த மருந்து அப்போது ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை, வெளியே வாங்க வேண்டியிருந்தது. அந்த வேதனையை விவரிக்கப் போவதில்லை. கவிதா வேலை செய்யும் துணிக்கடையில் முன்பணம் கேட்டாள், வீட்டுக்காரர் எதை எதையோ விற்றார், எதை என்று நான் கேட்கவில்லை, காதில் தோடு இல்லாததற்கு மொட்டைத் தலைதான் காரணம் என்று நானும் சிரித்துக்கொண்டேன். மருந்து வந்தது. பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஏற்றத் தொடங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூச்சு நிற்கவில்லை, முகம் கொதிக்கவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் நான் நெடுநாளைக்குப் பிறகு தூங்கினேன். என் வீட்டுக்காரர் தூங்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பகலில் தேயிலை கவ்வாத்து வெட்டப் போவார். மற்ற நேரமெல்லாம் லயத்துக்குப் பின்னாலிருக்கும் துண்டுக் காணியில் கிழங்கும் லீக்ஸும் போடுவார். இரவில் காட்டுப்பன்றி வந்து கிழங்கைக் கிண்டிவிட்டுப் போகும். ஒரு காலத்தில் அவர் பன்றிக்குக் கம்பிக் கண்ணி வைத்தவர். பக்கத்து மலையில் யாரோ வைத்த கண்ணியில் சிறுத்தை மாட்டிச் செத்து, அதிகாரிகள் வந்து விசாரித்துப் போன பிறகு அதை விட்டுவிட்டார். ஆனால் அந்த வித்தை மட்டும் தலைக்குள் இருந்தது. பன்றியைத் தீனி காட்டி வரவழைக்க வேண்டுமானால், முதலில் சுற்று வட்டாரத்தில் வேறு தீனி இல்லாமல் பண்ண வேண்டும். கிழங்கையெல்லாம் தோண்டி எடுத்துவிட வேண்டும், கழிவுகளையும் கூட்டி எரித்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் காய்ந்தால், வைத்த இடத்தில் வந்து வாய் வைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அதைத்தான் சொன்னார்.

"டாக்டர் சொன்னத நல்லா யோசிச்சுப் பாரு புள்ள. அதுக்குப் பொரதம்னா உசுரு. நீ முட்டையும் கருவாடும் தின்னா அது வயிறு ரொம்பிக் கெடக்கும். மருந்து வந்தா திரும்பியும் பாக்காது. பட்டினி கெடந்தாத்தான் விழுங்கும்."

எனக்கு அது அப்பழுக்கில்லாத நியாயமாகத் தோன்றியது. சொல்ல வெட்கமாயிருக்கிறது. பிள்ளைக்காம்பராவில் தாய்மாரை நிறுத்திவைத்து, குழந்தைக்கு முட்டை கொடுத்தாயா, பருப்பு கொடுத்தாயா, சத்துமா எங்கே என்று அதட்டுகிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம். என் தட்டிலிருந்து முட்டை போனது, பருப்பு போனது, நெத்தலி போனது, பால் போனது. சோறு, லீக்ஸ், கோவா என்கிற முட்டைக்கோஸ், பூசணி, கீரை. கீரைக்கு நெத்தலி போடாமல் சமைக்க நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவரும் அதையே சாப்பிட்டார். தனக்கென்று ஒரு துண்டு கருவாடுகூடச் சுடவில்லை. வாசம் வந்தால் எனக்கு ஆசை வந்துவிடுமாம்.

இரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மருந்தால் குறைந்துவிடும், கூட்டத்தில் சேராதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆகவே வேலைக்குப் போக முடியாது, கோயிலுக்குப் போக முடியாது, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று இரண்டு பேரைத் திட்டக்கூட முடியாது. லயக் காம்பராவின் உள் அறையில் கட்டில். பனி உள்ளே வரும் என்று ஜன்னலைச் சாத்தி வைத்தார். கதவடியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து நிற்பார்கள், நாட்டுக்கோழி முட்டை, ஆட்டுக்கால் சூப்பு என்று கொண்டுவருவார்கள். அவர் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டு, பின்பக்கமாக வேறு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். சூப்பின் மணம் முன்வாசலால் வந்து பின்வாசலால் போகும். அந்த அறையில் படுத்துக்கொண்டு நான் விட்ட சாபங்களைக் கேட்டிருந்தால் மாரியம்மனே ஊரைவிட்டுப் போயிருப்பாள். ஒரு நாள் தாங்க முடியாமல், ஒரே ஒரு முட்டை கொடுங்க, செத்தா சாகிறேன் என்றேன். அவர் வெளியே போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. பிறகு நான் கேட்கவில்லை.

இரண்டாம் தடவை மருந்தை எப்படியோ தாங்கிவிட்டேன். மூன்றாம் தடவை போவதற்குள் கால் இரண்டும் வீங்கிவிட்டன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே இருந்தது. மருந்தின் வேலை என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். விரல் நுனிகளில் எறும்பு ஊர்கிற மாதிரி விறுவிறுப்பு, அது உண்மையிலேயே மருந்தின் வேலை, அதை முதலே சொல்லியிருந்தார்கள். பஸ்ஸுக்கு ஏறும்போது படியில் கால் எழும்பவில்லை. வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஏற்றினார். நான் அவ்வளவு இலேசாக இருந்ததில் அவர் ஒரு கணம் தடுமாறிவிட்டார்.

இரத்தம் சோதித்துவிட்டு டாக்டர் சொன்னார், இன்றைக்கு மருந்து இல்லை. அணுக்கள் குறைவு, இரத்தத்திலுள்ள அல்புமின் மிகக் குறைவு, இந்த நிலையில் ஏற்றினால் மருந்தே ஆளைக் கொன்றுவிடும். இப்படியே இருந்தால் இந்த மருந்தை நிறுத்த வேண்டித்தான் வரும். வேறு மருந்து இருக்கிறதா என்று கவிதா கேட்டாள். டாக்டர் இரத்த ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஊசி இல்லை, வீட்டுக்குப் போகலாம், ஒரு பிடி நெத்தலியை மிளகாயோடு வறுத்துத் தின்றுவிட்டுச் சாகலாம். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் சுவரில் கையூன்றி நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் சந்தோஷம் போய்விட்டது. எனக்கும் சாக விருப்பமில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

வீட்டுக்கு விடவில்லை. வாட்டில் அனுமதித்தார்கள். டாக்டர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வீட்டில் என்ன சாப்பிடுறனீங்கள் என்று கேட்டார். எல்லாம் சாப்பிடுகிறேன் என்றேன். முட்டை? சாப்பிடுகிறேன். மீன்? சாப்பிடுகிறேன். என் வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பன்றி, கண்ணி என்று அந்தக் கதையைப் படித்த பெண்ணிடம் எடுத்தால் காட்டுமிராண்டிகள் என்று நினைக்கமாட்டாரா? வாய்க்கு ருசியில்லை, அதனால் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுகிறேன் என்று முடித்தேன்.

அப்போது என் வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டிலிருந்து முன்னால் வந்தார். ஆஸ்பத்திரியில் சரிங்க என்ற சொல்லைத் தவிர அவர் வாயிலிருந்து வேறொன்றும் நான் கேட்டதில்லை.

"அவ பொய் சொல்றாங்க. நாந்தாங்க குடுக்கல. நோவு பட்டினி கெடந்தா மருந்த நல்லா எடுக்கும்னு நாந்தான் நிறுத்தினேன்."

பிறகு பன்றிக் கதையையும் முழுவதும் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவில்லை. கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"ஐயா, அவ சாப்பிடாட்டி புற்று பட்டினி கிடக்காது. அவவின்ரை தசையைக் கரைச்சு எடுத்துச் சாப்பிடும். பட்டினி கிடந்தது அவ மட்டும்தான்."

அவர் தலை குனிந்துவிட்டது. டாக்டர் தொடர்ந்து சொன்னார். மருந்தில் வரும் புரதம் வெறும் வண்டி, சாப்பாட்டுப் புரதத்துக்கும் அதற்கும் போட்டி கிடையாது. மருந்து அடித்துப்போட்ட நல்ல அணுக்களை உடம்பு திரும்பக் கட்டுவதற்கே முட்டையும் பருப்பும் மீனும் வேண்டும். அல்புமின் குறைந்தால் இரத்தக் குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர் வெளியே கசியும், கால் வீங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். கடைசியில், பசி என்று சொன்னதும் நான்தான், இவ நல்லாச் சாப்பிட வேணும் எண்டதைச் சொல்லாமல் விட்டதும் நான்தான் என்றார். ஒரு டாக்டர் எங்களிடம் அப்படிச் சொல்வதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்றிலிருந்து என் தட்டு நிறைந்தது, ஆனால் என் வீட்டுக்காரர் வாட்டுக்குள் வரவில்லை. பார்வையாளர் நேரத்தில் கவிதா மட்டும் வருவாள். அப்பா எங்கே என்றால், வெளியே வாங்கில் இருக்கிறார், உள்ளே வர மாட்டேன் என்கிறார் என்பாள். தோட்டத்துக்கும் போகவில்லை. அவித்த முட்டை, பருப்பு, மீன் எல்லாம் அவர் கடையில் தேடி வாங்கி அனுப்பியதுதான். எனக்குக் கொதித்தது. ஒரு பக்கம் சேலைன் குழாய், ஒரு பக்கம் கட்டில் கம்பி, ஜன்னலில் வலை, கால் இன்னும் வீக்கம். எழுந்துபோய் அவரை இழுத்து வர முடியாது. லயத்தில் என்னை அடைத்து வைத்தபோதாவது திட்ட ஒரு ஆள் பக்கத்தில் இருந்தார். இரவில் வாட்டில் யாராவது முனகுவார்கள், யாரோ தண்ணீர் கேட்பார்கள், நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு அவரோடு மனத்துக்குள் சண்டை போடுவேன். விழுங்கிய சோறு நெஞ்சிலேயே நின்றது. கவிதாவுக்காக விழுங்கினேன்.

வீக்கம் மெல்ல வடிந்தது. பிறகொரு காலையில் இரத்தம் பரவாயில்லை, இன்றைக்கு ஏற்றலாம் என்றார்கள். மிஸ் ஊசியோடு வந்தார். நான் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். வெளியே வாங்கில் என் மனுஷன் குந்தியிருக்கிறார், அவர் வந்தால்தான் கை நீட்டுவேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். மிஸ் என்னை முறைத்தார். பிள்ளைக்காம்பராவில் எத்தனையோ பேர் என்னை முறைத்திருக்கிறார்கள். கடைசியில் அவரே போய்க் கூட்டிவந்தார். என் வீட்டுக்காரர் தாடி வளர்ந்து, சட்டை கசங்கி, ஏதோ நான் அடிக்கப் போகிற மாதிரி தூரத்திலேயே நின்றார்.

"நான் செத்துப்போயிடுவேன்னு பயந்துதான் நீங்க செஞ்சீங்க. நானும் பயந்துதான் நீங்க சொன்னதக் கேட்டேன். இப்பவும் எனக்குப் பயமாத்தான் இருக்கு. வந்து உக்காருங்க."

வந்து உட்கார்ந்தார். வெள்ளை மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. முடியும்வரை அவர் என் மறு கையைப் பிடித்திருந்தார். டாக்டர் பார்க்க வந்து, எல்லாம் சரி என்று திரும்பிப் போகும்போதுதான் எழுந்தார்.

"டாக்டர், இது வேல செய்யலேன்னா எங்ககிட்டச் சொல்லுவீங்களா?"

டாக்டர் நின்றார். அவரையும் என்னையும் பார்த்தார். சொல்லுவன் என்றார்.

அதற்குப் பிறகு இன்னொரு தடவையும் ஏற்றினார்கள். வீட்டில் இப்போது தினமும் எனக்கு முட்டை, எனக்கே அலுத்துவிட்டது. போன தடவை போனபோது ஸ்கேன் எடுத்தார்கள். மறுபடி அதே வாங்கு, மறுபடி அதே காத்திருப்பு. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். டாக்டர் உள்ளே கூப்பிட்டு, சொல்லுவன் எண்டு சொன்னனான் தானே என்று தொடங்கினார். கட்டி பாதியாகியிருக்கிறது, நெஞ்சுச் சதையிலிருந்து விலகத் தொடங்கியிருக்கிறது. ஆனால் ஆபரேஷனுக்கு அது போதாது. இன்னும் இரண்டு தடவை ஏற்ற வேண்டும்.

கவிதா அழுதாள், சந்தோஷத்திலா பயத்திலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அந்தப் போத்தலும் கம்பியும் கட்டிலும் இன்னும் இரண்டு தடவையா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. விரல் விறுவிறுப்பு இப்போதே சட்டைப் பொத்தானைப் போடவிடுவதில்லை. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அந்த ரெண்டையும் இவ தாங்குவாளா டாக்டர்?"

"அதை ஏன் என்னட்டைக் கேட்கிறியள்? அவவிட்டைக் கேளுங்கோ."

அவர் என் பக்கம் திரும்பினார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னைப் பற்றிய எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை, நானும் கேட்கும்படி விட்டதில்லை.

"தாங்குவியா புள்ள?"

"சோறு போட்டா தாங்குவேன்" என்றேன்.